கழற்றி டிக்கியில் போட்ட ஹெட்ரெஸ்ட்: ஒரு கழுத்து வலியின் நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு வருகிற கழுத்து வலிகளில் பெரும்பாலானவை செல்போன், தையல் மிஷின், பீடித் தட்டு இந்த மூன்றில் ஒன்றில் போய் நிற்கும். குனிந்த தலை மணிக்கணக்கில் குனிந்தபடியே இருப்பதுதான் காரணம். இந்த டீச்சர் விஷயத்தில் தலையைக் குனிய வைத்தது காரின் ஹெட்ரெஸ்ட். அதைக் கழற்றியதும் வலி குறைந்தது. கழற்றி வைத்திருந்த நாட்களில் வேறொரு வலி வந்து சேர்ந்தது. இரண்டையும் சரிசெய்த விதத்தை முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே கஷ்டத்தோடு இதே வழிக்குப் போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். டீச்சரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

நடந்தது

டீச்சருக்கு ஐம்பதை நெருங்கும் வயது, உயரம் 148 செ.மீ. வீடு பாளையங்கோட்டையில், வேலை சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளியில். பல வருடம் பஸ்ஸில் போய்வந்தவர், புதுக் கார் வாங்கியதும் தானே ஓட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நாளிலேயே பிடரிக்குக் கீழே இழுத்துப் பிடிக்கிற வலி வந்தது. பள்ளிக்குப் போய் இறங்கும்போது ஆரம்பித்து, முதல் இரண்டு பீரியடு வரை இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மறுபடியும். ஞாயிற்றுக்கிழமை வலி கிடையாது.

"தலைய நிமித்தி உக்காரவே விட மாட்டேங்கு சார். நாடி நெஞ்சப் பாத்தே இருக்கு" என்றார்.

வேறோர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்துக் கழுத்து எலும்பு தேய்மானம் என்று சொல்லி, கழுத்துப் பட்டை போடச் சொல்லியிருந்தார்கள். இந்த வயதில் எக்ஸ்ரே எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் தேய்மானம் தெரியும். வேலை நாளில் வந்து விடுமுறையில் போய்விடுகிற வலிக்கு எலும்பை முதலில் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதே எலும்புதானே?

காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தது டீச்சரின் கணவர். பக்கத்தில் உட்கார்ந்து போனபோது ஹெட்ரெஸ்ட் தலையை முன்னால் தள்ளுவதைக் கவனித்திருக்கிறார். முதலில் அதைத் திருப்பி மாட்டிப் பார்த்தார். சரியாக லாக் ஆகாமல் ஆடிக்கொண்டே இருந்தது. அப்புறம் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டார். சில நாளிலேயே வலி நன்றாகக் குறைந்தது. அவர்களைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்தது.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் வரிசையில் நின்றிருந்த காரைப் பின்னால் வந்த சின்ன லோடு வண்டி இடித்துவிட்டது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. பம்பரில் லேசாக நசுங்கல். இறங்கிப் பார்த்து, நாலு வார்த்தை பேசிவிட்டு, கேட் திறந்ததும் அவரவர் வழியில் போய்விட்டார்கள். அன்று ராத்திரி வரை டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் கழுத்தை எந்தப் பக்கமும் திருப்ப முடியவில்லை; பிடரியில் இருந்து தலைவலி வேறு. இந்த வகைக் காயம் பெரும்பாலும் இப்படித்தான், சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் முகம் காட்டும். என்னிடம் வந்தது அதற்குப் பிறகு.

கைகளில் மரமரப்பு இல்லை, பலக் குறைவு இல்லை, நடையில் தடுமாற்றம் இல்லை. எலும்பு முறிவு இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லியிருந்தார். கழுத்தின் அசைவு இரண்டு பக்கமும் குறைந்திருந்தது, தொட்டால் வலிக்கும் இடங்கள் தெளிவாக இருந்தன. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1995-இல் ஒரு நிபுணர் குழு இந்தக் காயங்களை வகைப்படுத்தியது. இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறோம். அதன்படி இது இரண்டாம் நிலை. வலியோடு அசைவுக் குறைவும் சேர்ந்திருக்கிறது, நரம்பு பாதிப்பு இல்லை.

பின்னால் இடிபடும்போது கழுத்துக்கு என்ன ஆகிறது

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஹெட்ரெஸ்டைச் சாய்ந்து தூங்குவதற்கான சொகுசுப் பொருளாகத்தான் பலர் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால், சொகுசு தராதபோது கழற்றிப் போடத்தான் தோன்றும்.

பின்னால் இருந்து இடி விழுந்ததும் கார் முன்னால் பாய்கிறது. இருக்கை முதுகைத் தூக்கி முன்னால் தள்ளுகிறது. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலையை அப்போது எதுவும் தள்ளவில்லை. அது இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. உடம்பு முன்னால் போய்விட்டது, தலை பின்தங்கிவிட்டது, நடுவில் கழுத்து மாட்டிக்கொள்கிறது. முதல் சில கணங்களில் கழுத்தின் கீழ்ப்பகுதி பின்னால் வளைகிறது, மேல்பகுதி முன்னால் வளைகிறது. ஆங்கில எஸ் எழுத்தின் வடிவம் அது. கழுத்தெலும்புகள் இப்படி வளையும்படி அமைந்தவை அல்ல. அவற்றுக்கிடையே உள்ள சிறு மூட்டுகளும் அவற்றைச் சுற்றிய சவ்வுகளும் நசுங்கி இழுபடுகின்றன. எல்லாம் சுமார் பத்தில் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். கழுத்துத் தசை சுதாரித்து இறுகுவதற்குள் காயம் ஆகிவிடுகிறது.

ஹெட்ரெஸ்டின் வேலை, உடம்போடு சேர்த்துத் தலையையும் முன்னால் கொண்டுபோவது. தலை அதில் எவ்வளவு சீக்கிரம் படுகிறதோ அவ்வளவு நல்லது. அதனால் இரண்டு அளவுகள் முக்கியம். ஒன்று உயரம், இன்னொன்று தலைக்குப் பின்னால் உள்ள இடைவெளி. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் செலவில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான ஐஐஎச்எஸ், ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பு உச்சந்தலைக்குக் கீழே 9 செ.மீ.க்கு மேல் இறங்கக்கூடாது என்றும், இடைவெளி 10 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், அதிலும் குறையக் குறைய நல்லது என்றும் சொல்கிறது.

அப்படியானால் டீச்சருக்கு ஏன் இடித்தது? அமெரிக்காவில் 1969-இலேயே புதுக் கார்களின் முன் இருக்கைக்கு ஹெட்ரெஸ்ட் கட்டாயம் ஆனது. ஆனால் பழைய கார்களில் அது தாழ்வாகவும் தலையை விட்டுத் தள்ளியும் இருந்தது. 1990-களின் கடைசியில் சாப், வோல்வோ நிறுவனங்கள் இடிபடும்போது தலையைச் சீக்கிரம் தாங்கிக்கொள்ளும் இருக்கைகளைக் கொண்டுவந்தன. பிறகு விதிகள் இறுகின. அமெரிக்காவின் புதிய விதி முன் இருக்கையில் அந்த இடைவெளி 55 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்றது. புதுக் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2008-இல் இருக்கைகளைத் தனியாகச் சோதித்து மதிப்பெண் போட ஆரம்பித்தது. அதனால் புதிய தலைமுறைக் கார்களில் ஹெட்ரெஸ்ட் முன்னால் வந்து நிற்கிறது. அது நல்லதுக்குத்தான். ஆனால் அந்த இடைவெளியை அளப்பதற்கு வைக்கும் பொம்மை நடுத்தர உடற்கட்டுள்ள ஆணின் அளவு கொண்டது. இருக்கையின் சாய்மானமும் பொதுவாகச் செங்குத்தில் இருந்து 25 டிகிரி வரை இருக்கும். குள்ளமான ஒரு பெண் பானெட் தெரியவேண்டும், கிளட்ச் எட்டவேண்டும் என்று இருக்கையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தால், பொம்மைக்கு இருந்த இடைவெளி அவருக்கு இல்லாமல் போகிறது. ஹெட்ரெஸ்ட் நேராகப் பிடரியைத் தள்ளுகிறது.

காரைப் பார்த்தபோது

கழுத்து அசைவு ஓரளவு திரும்பிய பிறகு காரைக் கொண்டுவரச் சொன்னேன். கழுத்தைத் திருப்ப முடியாத வரைக்கும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் கணவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். டிக்கியில் கிடந்த ஹெட்ரெஸ்டை மாட்டி, டீச்சரை வழக்கமாக எப்படி உட்காருவாரோ அப்படியே உட்காரச் சொல்லி, திறந்த கதவு வழியாகப் பக்கவாட்டில் செல்போனில் படம் எடுத்தேன். அப்புறம் டீச்சர் கைப்பையில் இருந்த ஸ்கேலை வாங்கித் தலைக்குப் பின்னால் அளந்தேன். இடைவெளி என்று ஒன்று இல்லவே இல்லை. தலை அதன் இயல்பான இடத்தை விட்டு 5 செ.மீ. முன்னால் தள்ளப்பட்டிருந்தது.

குற்றம் முழுவதும் ஹெட்ரெஸ்ட் மேல் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சில காரணங்கள் சேர்ந்திருந்தன.

முதல் காரணம் சீட் கவர். நம் ஊரில் கார் வாங்கினால் பூஜை போடுகிறோமோ இல்லையோ, சீட் கவர் போட்டுவிடுகிறோம். வெயிலும் வியர்வையும் ஒரு பக்கம், தலையில் வைக்கிற தேங்காய் எண்ணெய் ஒரு பக்கம். புது இருக்கையில் கறை படியக்கூடாது என்கிற நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் இந்தக் கவரின் ஹெட்ரெஸ்ட் உறையில் ரெக்சினுக்கு அடியில் 2 செ.மீ. ஃபோம் வைத்துத் தைத்திருந்தது. அதன்மேல் அதே செட்டோடு இலவசமாகக் கொடுத்த கழுத்துத் தலையணை எலாஸ்டிக் போட்டுத் தொங்கியது. முதுகுப் பக்கம் அவ்வளவு கனம் இல்லை. முதுகு இருக்கிற இடத்திலேயே இருக்க, தலை மட்டும் முன்னால் வந்துவிட்டது. போதாக்குறைக்கு, ஹெட்ரெஸ்ட் கம்பியின் அடியில் இருக்கும் லாக் பட்டனைக் கவர் மூடியிருந்தது. ஹெட்ரெஸ்ட் ஏற்றவோ இறக்கவோ முடியாமல் மாட்டியபடியே நின்றது. உயரம் மாற்றலாம் என்பதே டீச்சருக்குத் தெரியாது.

இரண்டாவது, கொண்டை. டீச்சர் பள்ளிக்குப் போகும்போது ஜடையைச் சுருட்டிப் பின்மண்டையில் பெரிய பிளாஸ்டிக் கிளிப் போட்டுக்கொள்வார். அந்தக் கிளிப் மட்டும் 4 செ.மீ. கனம். இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆண்கள் வடிவமைத்து ஆண்கள் விற்கிற பொருளில் பெண்ணின் முடி ஒரு அளவாகவே வருவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தலைக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் நடுவில் கட்டியான பிளாஸ்டிக் இருப்பது இடிபடும் நேரத்தில் இன்னொரு ஆபத்து.

மூன்றாவது, உட்காரும் விதம். இருக்கை தரையோடு தரையாகத் தாழ்ந்திருந்தது, முதுகுப்பக்கம் கிட்டத்தட்ட நேராக நின்றது. இருக்கையை உயர்த்த இடது கைப்பக்கமா வலது கைப்பக்கமா லிவர் இருக்கிறது என்று கேட்டேன். "அப்படி ஒண்ணு இருக்கா?" என்றார். கதவுப் பக்கம் இருந்தது. முதலில் வண்டியை எடுத்து ஓட்டிய கணவர் தன் உயரத்துக்கு இறக்கி வைத்தது அப்படியே இருந்திருக்கிறது.

சரிசெய்தது

என் கொள்கை ஒன்றுதான். ஹெட்ரெஸ்டின் வடிவத்திலும் கம்பியிலும் கை வைப்பதில்லை; அதைச் சுற்றி உள்ள எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

இருக்கையில் இருந்து ஆரம்பித்தோம். லிவரை இழுத்து இருக்கையை உயர்த்தியதும் பானெட் நன்றாகத் தெரிந்தது. தெரியாதபோதுதான் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. தெரிந்த பிறகு முதுகைச் சாய்க்க அவருக்குத் தயக்கம் இல்லை. கிளட்ச்சை முழுதாக மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி முன்பின் தள்ளிவைத்தோம். பிறகு சாய்மானத்தை ஒவ்வொரு படியாக இறக்கி, ஸ்டியரிங்கை டில்ட் லிவரால் தாழ்த்தினோம். மார்பெலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் 25 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்று அளந்தேன். ஏர்பேக் விரிவதற்கு அந்த இடம் வேண்டும். கொஞ்சம் கூடவே இருந்தது. ஹெட்ரெஸ்ட் இருக்கையோடு சேர்ந்தே நகர்வதால் இருக்கையை உயர்த்தியதால் அதன் உயரத்தில் மாற்றம் ஏதும் வரவில்லை. ஆனால் முதுகு சாய்ந்ததும் அது தலையை விட்டு விலகியது.

அளவுக்கு மீறிச் சாய்க்கவும் கூடாது. சாயச் சாய இடைவெளி கூடிக்கொண்டே போகும், தோளில் இருக்க வேண்டிய சீட் பெல்ட்டும் உடம்பை விட்டு விலகும். கை நீட்டி ஸ்டியரிங் மேல் வைத்தால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் பட வேண்டும், தோள் இருக்கையை விட்டு எழும்பக்கூடாது. அதோடு நிறுத்தினோம்.

சீட் கவருக்கு அதைப் போட்டுக்கொடுத்த கடைக்கே போனோம். கடைக்கார அண்ணாச்சி நல்ல மனுஷர். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்னது: "கம்பிய லேசா பின்னால வளச்சு விட்டுருதேன் டீச்சர், அஞ்சு நிமிஷ வேலை. நெறைய பேருக்குச் செஞ்சு குடுத்திருக்கேன்."

வேண்டாம் என்று நான் தடுத்தேன். இடிபடும் நேரத்தில் தலையின் மொத்த வேகத்தையும் வாங்கித் தாங்க வேண்டிய கம்பி அது. குழாயில் விட்டு வளைத்தால் அந்த இடத்தில் பலம் குறையும், துளையில் சரியாக இறங்காது, லாக்கும் பிடிக்காது. திருப்பி மாட்டுவதிலும் இதே கதைதான். பெரும்பாலான ஹெட்ரெஸ்ட்களில் லாக் விழுகிற வெட்டு கம்பியின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். திருப்பினால் அது பட்டனோடு சேராது. இடிபட்டால் எம்பி வெளியே வந்துவிடலாம். வடிவமும் தலையை விட்டு விலகிப் போய்விடும். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். அப்புறம் அவரே ஹெட்ரெஸ்ட் உறையைப் பிரித்து ஃபோமை எடுத்துவிட்டு, எண்ணெய்க் கறை படாதபடி கழற்றித் துவைக்கிற மாதிரி மெல்லிய காட்டன் உறை ஒன்று தைத்துக்கொடுத்தார். லாக் பட்டனுக்கு ஓட்டை போட்டார். கழுத்துத் தலையணை வீட்டுக்குப் போனது.

அங்கேயே இன்னொன்றும் கண்ணில் பட்டது. இருக்கையின் கதவுப் பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சிறு துணிப்பட்டை கவருக்கு அடியில் மறைந்திருந்தது. பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தையல் வழியாகத்தான் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதை மூடித் தைத்த கவர் அந்த வேலைக்குத் தடை. வலியைப் பார்க்கப் போன இடத்தில் இது கிடைத்ததில் எனக்கு நிம்மதி. அந்தப் பக்கம் திறந்திருக்கும்படி கவரையே மாற்றச் சொல்லிவிட்டோம்.

கொண்டைக்கு டீச்சரே வழி சொன்னார். வண்டியில் ஏறும்போது கிளிப்பைக் கழற்றி, ஜடையைத் தோள் வழியாக முன்னால் போட்டுக்கொள்வது. பள்ளியில் இறங்கியதும் கொண்டை. மல்லிகைச் சரம் வைத்தால் கீழே தாழ்த்தி வைக்கிறார்.

எல்லாம் முடிந்து, ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பை உச்சந்தலை மட்டத்துக்கு வைத்து லாக் செய்து, மறுபடியும் அதே ஸ்கேலால் அளந்தேன். நிமிர்ந்த தலைக்குப் பின்னால் 3 செ.மீ. தொடவும் இல்லை, தூரமும் இல்லை.

பலன்

கழுத்துக்கு நான் செய்த வைத்தியம் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. பட்டையைக் கழற்றச் சொன்னேன், ஏனென்றால் இந்தக் காயத்தில் கழுத்தை அசைக்காமல் வைப்பது குணமாவதைத் தாமதப்படுத்தும். வலி தாங்கும் அளவுக்குத் திருப்பும் பயிற்சி, நாடியை உள்ளே இழுக்கும் பயிற்சி, தோள்பட்டைக்குச் சில. ஆறு வாரத்தில் கழுத்து முழுதாகத் திரும்பியது, தலைவலி நின்றது. மூன்று மாதம் கழித்து வந்தபோது பழைய பிடரி வலியும் இல்லை. வாரத்தில் ஐந்து நாளும் ஹெட்ரெஸ்டோடுதான் ஓட்டுகிறார். அன்று ஹெட்ரெஸ்ட் இருந்திருந்தால் கழுத்துக்கு ஒன்றுமே ஆகியிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அது காயத்தைக் குறைக்கும் பொருள், மந்திரம் அல்ல. ஆனால் ரயில்வே கேட், வேகத்தடை, சிக்னல் என்று நின்று நின்று போகிற நம் ரோட்டில் பின்னால் இருந்து தட்டு வாங்குவது எவருக்கும் நடக்கக்கூடியது. அதற்கு எதிராக உள்ள ஒரே தடுப்பை டிக்கியில் வைத்துக்கொண்டு போவதை என்னால் ஏற்க முடியாது.

டீச்சரின் கணவர் ஒரு விஷயம் கேட்டார். தண்ணீரில் கார் விழுந்தால் கண்ணாடியை உடைக்கத்தான் ஹெட்ரெஸ்டைக் கழலும்படி வைத்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா என்று. அதற்காக வைக்கவில்லை. உயரம் மாற்றவும் பின் இருக்கையை மடக்கவும்தான் அது கழல்கிறது. இந்தச் செய்தியால் வருகிற கெடுதல், எப்போது வேண்டுமானாலும் கழற்றிக்கொள்ளலாம் என்கிற எண்ணம் மனதில் பதிவதுதான். அவர் ஆறடிக்குப் பக்கம். அவர் ஓட்டும்போது டீச்சருக்கு வைத்த உயரம் அவருக்குப் பிடரிக்குக் கீழே போய்விடுகிறது. அது ஆபத்து, தாழ்ந்த ஹெட்ரெஸ்ட் மேல் கழுத்து மடங்கும். ஓட்டுகிறவர் மாறினால் கண்ணாடியைத் திருப்புகிற மாதிரி ஹெட்ரெஸ்டையும் ஏற்றி இறக்கச் சொல்லியிருக்கிறேன். கம்பியில் டீச்சரின் அளவு எந்த வெட்டு, அவர் அளவு எந்த வெட்டு என்று இருவரும் எண்ணி வைத்துக்கொண்டார்கள்.

பின் சீட்டில் வரும் டீச்சரின் மாமியாருக்கு முதுகு கூன் விழுந்திருக்கிறது. இவர்களைப் போன்றவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் முழுதாகப் பொருந்தாது. முதுகு வளைந்திருப்பதால் தலை எப்போதும் முன்னால்தான் நிற்கும், ஹெட்ரெஸ்டுக்கு வெகுதூரம். அவருக்கு முன் இருக்கையைக் கொடுத்து, சாய்மானத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, இடுப்புக்குப் பின்னால் உள்ள குழியில் மடித்த துண்டு ஒன்றை மட்டும் வைத்தோம். முதுகு முழுவதும் மெத்தை வைத்தால் உடம்பே முன்னால் வந்து தலை இன்னும் விலகிவிடும். ஹெட்ரெஸ்டை முன்பின் சாய்க்கும் வசதி சில கார்களில் இருக்கிறது. அடுத்த கார் பார்க்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள், ஷோரூமில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் சீட் கவர் போடாத இருக்கையில் கால் மணி நேரமாவது உட்காரவைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.